போலிக் காரும் மெய்ப் பௌதிகமும்

பொருளொன்றன் இயக்கத்தைக் கணிதத்தாற் பிரதிசெய்து காட்டுவது மாதிரி எனப்படும். கணினித் திரையில் ஓடும் பந்தயக் காரும் அத்தகைய மாதிரியே. அதன் வடிவும் வண்ணமும் கண்ணைக் கவர்வன. எனினும் அதன் மெய்ம்மை அவற்றில் இல்லை. சில்லு நிலத்தைத் தொடுமிடத்திலேயே அஃது உள்ளது. அதனை ஈண்டு விளக்குவாம்.

ஓடுங் காரைச் செலுத்தவும் திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய விசைகள், காற்றின் தாக்கம் நீங்கலாக, நான்கு ரயர்களும் நிலத்தைத் தொடும் பரப்புகள் வாயிலாகவே வருகின்றன. ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ உள்ளங்கையளவினதே. உராய்வு விசை செங்குத்து விசைக்கு விகிதசமம் எனப் பள்ளியிற் பயிலும் விதி இங்குப் போதாது. ரயர் நெகிழ்வது, ஆதலின் கார் திரும்புகையில் சில்லு நோக்குந் திசையும் செல்லுந் திசையும் ஒன்றாயிரா. அவற்றுக்கிடைப்பட்ட கோணம் வழுக்கற் கோணமாம். அது பெருகப் பக்கவிசையும் பெருகும். சில பாகைகளில் உச்சமடைந்து, பின் குறையும். உச்சத்தைக் கடந்த சாரதி சுக்கானை மேலுந் திருப்பினாற் பெறுவது குறைந்த விசையே.

இவ்வளைகோட்டைத் தரும் சூத்திரமொன்றை நெதர்லாந்தின் டெல்ஃப்ற் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் பசெய்க்காவும் உடனுழைத்தோரும் 1987 இல் வெளியிட்டனர். விறைப்பு, வடிவம், உச்சம், வளைவு ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு குணகங்கள் அதில் உள. அவை அடிப்படை விதிகளிலிருந்து பெறப்படாது, அளவீடுகளுக்குப் பொருந்துமாறு தெரியப்படுவன. அதனால் அது ‘மாயச் சூத்திரம்’ எனப் பெயர்பெற்றது.

ரயர்மீது அமரும் பாரமும் மாறிக்கொண்டேயிருக்கும். 1000 கிலோகிராம் திணிவுள்ள காரொன்றின் அச்சுகளின் இடைத்தூரம் 2.5 மீற்றர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீற்றர் எனவும், பாரம் ஈரச்சுகளிலும் சமமாய் உள்ளதெனவும் கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.8 பங்கு அமர்முடுகலுடன் பிறேக் போடின், 160 கிலோகிராம் பாரம் பின்னிருந்து முன்செல்லும். முன்னே 660, பின்னே 340 என்றாகும். வளைவில் திடீரெனப் பிறேக் போட்ட காரின் பின்புறம் வழுக்கிச் சுழல்வதற்கு இது முக்கியமான காரணம்.

இனிக் காலம். கணினி காலத்தைச் சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படியிலும் நியூற்றனின் விதிகளால் வேகத்தையும் இடத்தையும் கணிக்கும். மணிக்கு 180 கிலோமீற்றர் கதியிற் செல்லுங் கார் செக்கனுக்கு 50 மீற்றர் கடக்கும். செக்கனுக்கு 60 முறை கணிப்பின் படிக்கு 83 சென்ரிமீற்றரும், 1000 முறை கணிப்பின் 5 சென்ரிமீற்றரும் கடக்கும். படி பெரிதாயின், இலேசான சில்லும் விறைப்பான ரயரும் கணிப்பில் நிலைகுலைந்து, இல்லாத அதிர்வைக் காட்டும்.

1967 ஆம் ஆண்டுப் பந்தயங்களைச் சித்திரித்து 1998 இல் வெளிவந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’, ஓட்டுதற்கு அரிதெனப் பெயர்பெற்றது. சிறகுகளற்ற அக்காலக் கார்கள் ரயர்ப் பிடிப்பையே நம்பியிருந்தன. அவ்வருமையை அதனை ஆக்கியோர் மறைத்திலர்.

கார் அடங்கவில்லையென்று பொய்விசையொன்றைப் புகுத்திச் சீர்செய்வது எளிது. அது விடையைப் பார்த்து வழியை எழுதும் மாணவன் செயலை ஒக்கும். ஓரிடத்துப் பொய் பிறிதோரிடத்து வெளிப்படும். அம்மாதிரியிற் பழகியவன் அதே நம்பிக்கையோடு தெருவிற் காரோட்டுவானாயின், அங்கே பிழையைத் திருத்த மறுமுறை இல்லை. விரும்பியதைக் காட்டாது உள்ளதைக் காட்டும் மாதிரியே கற்பிக்கும்.