குதிக்கால் பதியும் நொடி

மழை ஓய்ந்ததும் வெள்ளவத்தைக் காலி வீதியில் கவனமாகக் கால் வைக்கவேண்டிய இடம், புடைவைக் கடைகளின் வழவழப்பான டைல்ஸ் படிகள். வழுக்கி விழுந்தால் தேய்ந்த பாட்டாவைத்தான் குறை சொல்வோம். செருப்புக்கும் தரைக்கும் இதில் பங்குண்டு. நம் நடைக்கும் உண்டு.

ஒவ்வோர் அடியிலும் கால் தரையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. குதிக்கால் பதியும்போது முன்நோக்கியும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைக் கீழ்நோக்கிய அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்த அடிக்குத் தேவையான உராய்வு. சமதரையில் சாதாரணமாக நடக்க அது சுமார் 0.2. காய்ந்த டைல்ஸ் இதைத் தாராளமாகத் தரும். ஈரத்தில் செருப்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே நீர்ப்படலம் சிக்கிக்கொள்வதால், கிடைக்கும் உராய்வு அதற்கும் கீழே இறங்கிவிடலாம். செருப்பின் அடியிலுள்ள பள்ளங்கள் அந்த நீர் வெளியேறும் வழிகள். தேய்ந்துபோனால் வழி அடைபடும்.

எட்டி நடந்தால் கால் அதிகம் சாய்ந்து விழும், முன்தள்ளல் கூடும். அடியைச் சுருக்கினால் கால் நிமிர்ந்து இறங்கும், தேவையான உராய்வு குறையும். பஸ்ஸைப் பிடிக்க விரையும்போதும், சட்டென்று திரும்பும்போதும், சரிவில் இறங்கும்போதும் தேவை கூடுகிறது.

சாம், ரெட்ஃபெர்ன் என்ற ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தரை வழுக்கலாம் என்று எதிர்பார்த்தவர்கள் தாமாகவே அடியைச் சுருக்கி, பாதத்தைத் தட்டையாகப் பதித்தார்கள். அதனாலேயே அவர்களுக்குத் தேவைப்பட்ட உராய்வு 16 முதல் 33 சதவீதம் வரை குறைந்தது.

கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் வெறுங்காலோடு சுற்றும்போதும் இதே கணக்குத்தான். வெறுங்காலில் அடி பொதுவாகச் சுருங்கும், பாதமும் தட்டையாக விழும், அது நல்லது. ஆனால் விளக்கடியில் சிந்திய எண்ணெயிடம் கவனம் வேண்டும். தண்ணீரைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பான எண்ணெய், பாதத்தின் அடியிலிருந்து அவ்வளவு சீக்கிரம் விலகாது.

ஈரத்தைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், அடியைச் சுருக்குங்கள், முழுப் பாதத்தையும் பதியுங்கள், கைப்பிடி இருந்தால் பிடியுங்கள். ஒரு சறுக்கலில் இடுப்பெலும்பு முறிந்து வயோதிபர் படுக்கையில் விழும் வீடுகள் எத்தனையோ. ஆகவே கடைக்காரர்களும் வாசற்படியில் சொரசொரப்பான கல்லையே பதிக்கவேண்டும். தெரியாமல் எட்டிக் கால் வைப்பவரையும் தாங்கவேண்டியது தரைதான்.