சிறு வியாபாரமும் இன்ஷூரன்ஸும்

நமது நாட்டில் சிறு வியாபாரம் நடத்துகிறவர்கள் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டு சாராராக இருக்கிறார்கள். ஒரு சாரார் அது வீண் செலவென்று கருதி அதன் பக்கமே திரும்புவதில்லை. மற்றொரு சாரார் ஏஜெண்டு காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, வந்து சேர்ந்த பாலிஸியை மடித்து இரும்புப் பெட்டியில் வைத்து, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். முதல் சாராருக்குத் தங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதாவது தெரியும். அதனால் ஓரளவு ஜாக்கிரதையாக இருப்பார்கள். பாதுகாப்பு உண்டென்று நம்பி, நஷ்டம் நேர்ந்த பிறகு அந்தக் காகிதத்தைப் பிரித்து முதன்முறையாக வாசிக்கும் இரண்டாவது சாராரின் நிலைமையே அதிகப் பரிதாபத்துக்குரியது என்பது நமது அபிப்பிராயம். அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறோம்.

அபாயம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று எண்ண இடமில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு கரைபுரண்டபோது, கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், அம்பத்தூர் முதலிய தொழிற்பேட்டைகளில் எத்தனையோ சிறு பட்டறைகளின் இயந்திரங்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கிண்டியும் அம்பத்தூரும் மறுபடியும் வெள்ளக்காடாயின. அதே மாதத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பெரிய ஆலைக்கு ஒரு கிளை போனால் மற்றொரு கிளை நிற்கும். சிறு வியாபாரிக்கோ கடையும், சரக்கும், குடும்பத்தின் சேமிப்பும், பெண்சாதியின் நகையும் எல்லாம் ஒன்றே. அது ஓர் இரவில் போனால், அவரோடு அவரிடம் வேலை செய்யும் நாலைந்து குடும்பங்களும் தெருவுக்கு வந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் என்பது தர்மமல்ல, ஒப்பந்தம். எழுதியிருப்பது கிடைக்கும், எழுதாதது கிடைக்காது. ஆகையால் பாலிஸி எடுக்கப் புறப்படும் வியாபாரி, ‘வருஷத்துக்கு எவ்வளவு கட்டவேண்டும்?’ என்ற கேள்வியை முதலில் கேட்பது சரியல்ல. ‘எந்த நஷ்டம் வந்தால் நான் கடையை மூடவேண்டியிருக்கும்?’ என்பதே அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய முதற் கேள்வி. ஒரு கண்ணாடிக் கதவு உடைந்தால் கைப்பணத்தில் சரிசெய்துகொள்ளலாம். கிடங்கு முழுவதும் எரிந்தால் முடியாது. தாங்கக்கூடிய சிறு நஷ்டங்களைத் தாமே ஏற்றுக்கொண்டு, தாங்கமுடியாத பெரு நஷ்டங்களுக்குப் பணம் செலவிடுவதே புத்திசாலித்தனம். நம்மவர்களோ மோட்டாரில் விழும் கீறலுக்குப் பாதுகாப்புத் தேடிக்கொண்டு, அந்த மோட்டாரைப்போல் பத்து மடங்கு விலையுள்ள சரக்கை வெறுமனே விட்டுவிடுகிறார்கள்.

இந்த முறையில் பார்த்தால் தீயும் வெள்ளமுமே முதலிடம் பெறும். பழைய தீ இன்ஷூரன்ஸ் பாலிஸிகளில் புயல், வெள்ளம் பற்றிய பகுதியை நீக்கிவிட்டுச் சொற்பப் பணம் மிச்சம் பிடிக்க இடமிருந்தது. தீ என்று தலைப்பிட்ட பாலிஸி வெள்ளத்துக்கும் உதவுமா என்பதை உள்ளே படித்துத்தான் அறியவேண்டியிருந்தது. சிறு தொழில்களுக்கென்றே 2021 ஏப்ரல் 1 முதல் இரண்டு பொது மாதிரிப் பாலிஸிகள் ஏற்பட்டன. ஓரிடத்திலுள்ள கட்டிடம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரையில் இருப்பவர்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரையில் இருப்பவர்களுக்கு பாரத் லகு உத்யம் சுரக்ஷா. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், கலகம் முதலியவை இவற்றில் சேர்ந்தே வருகின்றன. எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் இவற்றின் அடிப்படை ஷரத்துகள் ஒரேமாதிரியானவை. ஆதலால் பெரும்பாலான கடைக்காரர்கள் இங்கிருந்து ஆரம்பிப்பதே உசிதம்.

ஆனால் பாலிஸியைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினமான காரியம், அதில் எழுதவேண்டிய தொகையைத் தேர்ந்தெடுப்பது. நமது வியாபாரிகள் அதிகமாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒருவரிடம் 20 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. பிரீமியம் குறையவேண்டும் என்று அதை 10 லட்சத்துக்கு இன்ஷூர் செய்கிறார். தீப்பிடித்து 6 லட்ச ரூபாய்ச் சரக்கு அழிகிறது. ‘நான் 10 லட்சத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன்; 6 லட்சம் முழுதும் வரும்’ என்று அவர் நினைக்கிறார். வருவதோ 3 லட்சம். சரக்கில் பாதியைத்தான் கம்பெனியிடம் ஒப்புவித்தீர், மற்றப் பாதிக்கு நீரே இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று சட்டம் அவரைப் பார்த்துச் சொல்லுகிறது. குறைத்து எழுதிய விகிதத்தில் எந்த நஷ்டமும், அது எவ்வளவு சிறிதாயினும், குறைத்தே கொடுக்கப்படும்.

மேற்சொன்ன புதிய பாலிஸிகளில் இதற்கு ஒரு சலுகை உண்டு. குறைபாடு 15 சதவிகிதத்துக்கு மேற்படாவிட்டால் அதைப் பாராட்டுவதில்லை. அதாவது 20 லட்சச் சரக்கை 17 லட்சத்துக்கு எழுதியிருந்தாலும் நஷ்டத்தைப் பிடித்தமின்றிக் கொடுப்பார்கள். நேர்மையாகக் கணக்கிட்டும் சிறிது தவறிப்போனவர்களுக்காக ஏற்பட்ட சலுகை இது. பாதி எழுதியவர்களை இது காப்பாற்றாது. தீபாவளிக்கு முன் ஜவுளிக் கடைச் சரக்கு இரட்டிப்பதையும், அறுவடைக்குப் பின் நெல் மண்டி நிறைவதையும் நினைவில் வைத்து, வருஷத்தில் மிக அதிகமாகச் சரக்கு இருக்கும் மாதத்தைக்கொண்டே தொகையை நிர்ணயிக்கவேண்டும். சரக்கை விற்கும் விலைக்கு எழுதுவதும் தவறு. வாங்கின விலையும் கொண்டுவந்து சேர்த்த செலவுமே கணக்கு. பட்டறை இயந்திரத்துக்கோ, தேய்ந்துபோன பழைய மதிப்பை எழுதாமல், அதேமாதிரிப் புதிது வாங்க இன்று என்ன ஆகுமோ அந்தத் தொகைக்கு எடுப்பதே நலம்.

இவ்விடத்தில் பாங்கிக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் கொடுத்த பாங்கி சரக்கை இன்ஷூர் செய்யச் சொல்லுகிறது. சில சமயங்களில் தானே செய்து பிரீமியத்தைக் கணக்கில் எழுதிவிடுகிறது. அத்தகைய பாலிஸி கடன் தொகையின் அளவுக்கே எடுக்கப்பட்டிருப்பதும் உண்டு. சரக்கின் மதிப்பு கடனைவிட அதிகமானால் மேலே சொன்ன விகிதாசாரப் பிடித்தம் இங்கும் வந்து சேரும். வருகிற பணமும் முதலில் பாங்கியின் பாக்கிக்கே போகும். கடன் தீர்ந்தது, கடை போயிற்று என்ற நிலைமை இப்படித்தான் உண்டாகிறது. பாங்கி எடுத்த பாலிஸி பாங்கியின் நலத்தை உத்தேசித்தது. அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, தொகை, விலாசம், அபாயங்களின் ஜாபிதா ஆகிய மூன்றையும் கடைக்காரர் சரிபார்க்கவேண்டும்.

விலாசம் என்று நாம் சொன்னது அற்ப விஷயமல்ல. பாலிஸியில் குறித்த இடத்திலுள்ள சரக்குக்கே பாதுகாப்பு. கடை நிறைந்துவிட்டதென்று பின் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துச் சரக்கை அடுக்கினால், அந்த வீட்டைக் கம்பெனிக்குத் தெரிவித்துச் சேர்த்துக்கொள்ளவேண்டும். பல கிடங்குகளில் சரக்கு மாறிமாறி இருக்குமானால், எல்லா இடங்களையும் குறித்து ஒரே தொகை அவற்றுக்குப் பொதுவாக இருக்கும்படி எடுக்க வசதி உண்டு. லாரியில் போகும் சரக்குக்குத் தனிப் பாலிஸி வேண்டும். கடலைப் பாராத சரக்கானாலும் அதற்கு மரைன் என்றுதான் பெயர்.

திருட்டு விஷயத்திலும் வார்த்தைகளைக் கவனிக்கவேண்டும். தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதனால் ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மாத்திரமே புதிய பாலிஸிகளில் இடமுண்டு. சாதாரண நாளில் கடையை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிஸி எடுக்கவேண்டும். அதிலும், பலாத்காரமாக உடைத்து நுழைந்து திருடுவதே திருட்டு என்று ஷரத்து இருக்குமானால், பூட்டு உடையாமல் சரக்கு மாயமானதற்கு ஈடு கேட்கமுடியாது என்று 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலிஸியில் எழுதிய சொல்லுக்கு மேலாகக் கோர்ட்டு எதையும் சேர்த்துப் படிக்காது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். வேலைக்காரரே கையாடினால் அதற்கு வேறு பாலிஸி. இயந்திரம் தானே பழுதாகி நின்றால் அதற்கும் வேறு. எல்லாருக்கும் எல்லாம் வேண்டியதில்லை. நகைக்கடைக்காரருக்குத் திருட்டும், லேத்துப் பட்டறைக்காரருக்கு இயந்திரமும் முக்கியம். தமது தொழிலுக்கு எது உயிர்நிலை என்பதை ஏஜெண்டைவிடக் கடைக்காரரே நன்கு அறிவார்.

நிற்க. தமது உடைமைக்கு வரும் நஷ்டத்தைப்போலவே, தம்மால் பிறருக்கு வரும் நஷ்டமும் சிறு வியாபாரியைக் கவிழ்த்துவிடக்கூடும். வேலையில் காயம்பட்ட அல்லது இறந்த தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் சட்டமாக இருந்துவருகிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வராத பட்டறைக்காரர் இதற்குப் பாலிஸி எடுக்காமல் இருப்பது தமக்கு மட்டுமல்ல, தம்மை நம்பி இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கும் செய்யும் தீங்காகும். முதலாளி ஏழையாயிருந்தால் தீர்ப்பு மட்டும் கிடைக்கும், பணம் கிடைக்காது. 1984 போபால் விபத்துக்குப் பின், அபாயகரமான பொருள்களைக் கையாளுவோர் பொதுஜனங்களுக்கு நேரக்கூடிய தீங்குக்காக இன்ஷூர் செய்யவேண்டும் என்று 1991-இல் தனிச் சட்டமே செய்யப்பட்டது.

கடை எரிந்து ஆறு மாதம் மூடியிருந்தால் அந்த ஆறு மாதத்து வாடகை, சம்பளம், வட்டி, லாபம் இவற்றுக்குத் தீ பாலிஸியில் ஈடில்லை. லாப நஷ்டப் பாலிஸி என்று ஒன்று தனியே உண்டு. அதுவும் இன்ஷூர் செய்த உடைமைக்குச் சேதம் வந்து, அதனால் தொழில் நின்றால்தான் சாதாரணமாக உதவும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கடைகள் மூடப்பட்டபோது சுவரும் சரக்கும் சேதமில்லாமல் இருந்தபடியால், இந்தப் பாலிஸி வைத்திருந்தவர்களுக்கும் சாதாரண ஷரத்துப்படி ஈடு கேட்க வழியில்லை. இதை எடுப்பவர்கள், தங்கள் தொழிலை மறுபடியும் நிறுத்த எத்தனை மாதம் பிடிக்கும் என்று நிதானித்து அத்தனை மாதத்துக்கு எடுக்கவேண்டும்.

பாலிஸி எடுத்தபின் வியாபாரியின் கடமைகள் சில உண்டு. விண்ணப்பத்தில் கேட்ட கேள்விகளுக்கு உண்மையான விடை எழுதவேண்டும். பக்கத்தில் பட்டாசுக் கடை இருப்பதை மறைத்துவிட்டுப் பின்னர் நியாயம் கேட்பது பலிக்காது. பிரீமியம் முன்கூட்டிச் செலுத்தப்படாமல் கம்பெனி பொறுப்பேற்கலாகாது என்பது 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்ட 64-வி.பி. பிரிவின் விதி. ஆதலால் தவணை தவறிய ஒரு நாளும் பாதுகாப்பில்லாத நாளே. சரக்குக் கணக்கு, ரசீதுகள், ஜி.எஸ்.டி. தாக்கல்கள் இவற்றின் பிரதிகள் கடைக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். கடையோடு கணக்கும் எரிந்தால் நஷ்டத்தை நிரூபிப்பது எப்படி? விபத்து நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்க்கும் வரையில் கெட்ட சரக்கை அப்புறப்படுத்தாமல், படம் எடுத்து வைக்கவேண்டும். ‘முழு ஈடும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்ட காகிதத்தில், தொகை திருப்தியா என்று பாராமல் கையெழுத்திடக் கூடாது.

கம்பெனி நியாயமின்றி மறுத்தால் வழியில்லாமற் போகவில்லை. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர்களும் மிகச் சிறு தொழிலாளர்களும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் செலவின்றி முறையிடலாம். அவருக்குச் சென்னையிலும் ஆபீஸ் உண்டு. வியாபாரத்துக்காக எடுத்த பாலிஸியும் நஷ்டத்தை ஈடுசெய்யவே எடுக்கப்படுகிறது, லாபம் சம்பாதிக்க அல்ல. எனவே வியாபாரியும் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது.

கம்பெனிகளுக்கும் நாம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 107 கம்பெனிகளின் பொது இன்ஷூரன்ஸ் தொழில் நான்கு சர்க்கார் கம்பெனிகளாகத் திரட்டப்பட்டது. அந்நான்கில் ஒன்றுக்குத் தலைமை ஸ்தலம் நமது சென்னை. பிறகு 2000-ஆம் ஆண்டு முதல் தனியார் கம்பெனிகளும் வந்துவிட்டன. கம்பெனிகள் பெருகியும், சிறு கடைக்காரர் கையில் கிடைக்கும் பாலிஸி பெரும்பாலும் அவருக்குப் புரியாத இங்கிலீஷிலேயே இருக்கிறது. தமிழில் கணக்கெழுதித் தமிழில் வியாபாரம் செய்கிறவரிடம் பணம் வாங்கும்போது தமிழில் பேசுகிறவர்கள், ஷரத்தையும் தமிழில் தரவேண்டாமா? எது சேரும், எது சேராது, தொகை குறைந்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் தெளிவான தமிழில் அச்சிட்டுப் பாலிஸியோடு கொடுப்பது அவர்களுக்குப் பெரிய சிரமமல்ல. வழக்குகளில் பாதி இதனாலேயே குறையும்.

அதுவரையில் ஊர்தோறும் உள்ள வர்த்தக சங்கங்கள் இந்தக் காரியத்தைக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் அங்கத்தினர்களைத் தங்கள் தங்கள் பாலிஸியோடு வரச்செய்து, விஷயம் தெரிந்த ஒருவரைக்கொண்டு தொகை, விலாசம், அபாயங்கள் ஆகியவற்றைப் படித்துக் காட்டச் செய்தால் போதும். குறை இருந்தால் மழைக்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்று சொல்லும் நமது ஜனங்கள், அணை உயரம் போதுமா என்பதையும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.