நுழைவிசைவு விண்ணப்பங்களில் தமிழர் பெயர்கள்

விசா எனப் பொதுவழக்கில் அறியப்படும் நுழைவிசைவு என்பது, ஒரு நாட்டின் குடிமகன் அல்லாத ஒருவர் அந்நாட்டுக்குச் செல்லவோ, அங்கே படிக்கவோ, பணிபுரியவோ, குடியிருக்கவோ அந்நாட்டு அரசு முன்கூட்டியே வழங்கும் இசைவு ஆகும். இதற்கான விண்ணப்பப் படிவங்கள் பெரும்பாலும் விண்ணப்பதாரரின் பெயரைக் குடும்பப் பெயர் என்றும் இட்ட பெயர் என்றும் இரு கூறுகளாகப் பிரித்துக் கேட்கின்றன. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஒரு பெயரும் அதன் முன் ஓரிரு முதலெழுத்துகளும் மட்டுமே உண்டு. இவ்வேறுபாட்டினால், ஒருவரே பல ஆவணங்களில் பல பெயர்களை உடையவராகத் தோன்றுவதுண்டு. மாணவர்களும் தொழில் முனைவோரும் மிகுதியாக வெளிநாடு செல்லும் கொங்கு நாட்டின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இச்சிக்கல் இங்கே விளக்கப்படுகின்றது.

பெயரமைப்பு

கொங்கு நாட்டில் முதலெழுத்து என்பது தந்தையின் பெயரைக் குறிக்கலாம். ஊரின் பெயரைக் குறிக்கலாம். இரண்டையும் சேர்த்தும் குறிக்கலாம். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஆம் ஆண்டு பிறந்த, இந்தியாவின் வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் முதலெழுத்து, அவருடைய தந்தையார் சிதம்பரக் கவுண்டரின் பெயரிலிருந்து வந்தது. கல்வியாளர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் பெயரில் முதலில் நிற்பது திருப்பூர் என்னும் ஊர்; அடுத்தது தந்தையின் பெயரான சுப்பிரமணியம்.

அறிவியலாளர் ஜி. டி. நாயுடுவின் பெயர் இவற்றினும் வேறுபட்டது. அவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. இதில் அவருடைய சொந்தப் பெயரான துரைசாமியே ஒரு முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டது. ஊரார் அறிந்தது சாதிப் பட்டத்தை மட்டுமே. இன்றைய படிவங்களின் எதிர்பார்ப்புக்கு மிக அருகில் வருவது இவ்வகைப் பெயரே என்பது வியப்புக்குரியது.

சாதிப் பட்டங்கள் பின்னர் பெயர்களிலிருந்து பெரிதும் நீங்கின. 1929 ஆம் ஆண்டு பெப்ரவரியில் செங்கல்பட்டில் நடைபெற்ற முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. ஈரோட்டைச் சேர்ந்த ஈ. வெ. இராமசாமி தம் பெயரின் பின்னிருந்த 'நாயக்கர்' என்பதை விட்டார். அவருடைய பெயரிலும் முதலெழுத்து ஊரையும், அடுத்தது தந்தையார் வெங்கடப்பரையும் குறிக்கின்றன. பட்டம் நீங்கிய இடத்தில் வேறு குடும்பப் பெயர் எதுவும் வந்து சேரவில்லை. கொங்கு வேளாளரிடையே கூட்டப் பெயர்கள் தந்தைவழியாகத் தொடர்ந்து வருகின்றன எனினும், அவை திருமண உறவுகளைப் பார்க்கவும் குலதெய்வக் கோயில்களிலும் பயன்படுவனவே அன்றிப் பள்ளிப் பதிவேட்டில் ஏறுவது அரிது. படிவம் கேட்கும் குடும்பப் பெயருக்கு மிகவும் ஒத்த ஒன்று கையில் இருந்தும், அது எந்த ஆவணத்திலும் இல்லை.

முதலெழுத்தும் கடவுச்சீட்டும்

இந்தியக் கடவுச்சீட்டு, 1967 ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுகின்றது. கொங்கு மாவட்டங்களுக்கெனக் கோயம்புத்தூரில் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் ஒன்று உள்ளது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் முதலெழுத்துகளை அப்படியே எழுதுதல் கூடாது, விரித்தே எழுதவேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கே. பழனிசாமி' என்று இருப்பவர், தந்தை பெயர் குப்புசாமி எனக் கொண்டால், இங்கே மூன்று வழிகளில் ஒன்றைத் தேரவேண்டியுள்ளது. குப்புசாமி என்பதைக் குடும்பப் பெயராக எழுதலாம். 'பழனிசாமி குப்புசாமி' என இரண்டையும் இட்ட பெயரிலேயே எழுதிக் குடும்பப் பெயரை வெறுமையாக விடலாம். பழனிசாமி என்று மட்டும் எழுதிவிட்டுத் தந்தை பெயரைக் கடைசிப் பக்கத்துக்கு உரியதாகக் கொள்ளலாம்.

மூன்றும் ஏற்கப்படக் கூடியவையே. ஆனால் இத்தேர்வு, பின்னர் வரும் எல்லா ஆவணங்களையும் கட்டுப்படுத்துகின்றது. பெரும்பாலோர் இதனைப் பயண முகவரின் மேசையருகே நின்றபடி ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகின்றனர்.

பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு வகுத்த விதிகளின்படி, கடவுச்சீட்டின் அடியில் கணிப்பொறி படிக்கத்தக்க இரண்டு வரிகள் உள்ளன. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். அவற்றுள் பெயருக்கு உரியவை 39. குடும்பப் பெயர் முதலிலும், இரண்டு நிரப்புக் குறிகளை அடுத்து இட்ட பெயரும் வரும். எல்லைக் காவல் அலுவலரின் கணிப்பொறி படிப்பது இவ்வரிகளையே. தந்தையின் பெயர் கடைசிப் பக்கத்தில் எத்தனை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தாலும் இவ்வரிகளில் அதற்கு இடமில்லை.

நாடுகளின் நடைமுறைகள்

ஒற்றைப் பெயரை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வகையில் கையாள்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவுக்கான டிஎஸ்-160 என்னும் இணையப் படிவத்தில், கடவுச்சீட்டில் இட்ட பெயர் இல்லையெனில் அவ்விடத்தில் 'எஃப்.என்.யு' என்னும் மூன்று எழுத்துகளை இடவேண்டும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது. குடும்பப் பெயர் இல்லாத இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு முழுப் பெயரும் குடும்பப் பெயரின் இடத்துக்குச் சென்றுவிட, இட்ட பெயராக இவ்வெழுத்துகளே நுழைவிசைவில் அச்சாகின்றன. அங்கு சென்றபின் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கும் இது பரவுவதுண்டு. ஒருவர் தம் பெயர் தெரியாதவராகப் பதிவாகி, அதே பெயரால் அழைக்கப்படும் நிலையும் இதனால் நேர்கின்றது. இதற்கு மாறாக, அதே நாட்டின் பல்கலைக்கழகம் மாணவருக்கு அனுப்பும் ஐ-20 படிவத்தில் இச்சுருக்கத்தை இடுதல் கூடாது; ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் எழுதி மற்றதை வெறுமையாக விடவேண்டும் என்பதே அங்குள்ள விதி. எனவே ஐ-20 படிவத்துக்கும் நுழைவிசைவுக்கும் இடையே இவ்வேறுபாடு காணப்படின் அது பிழையன்று.

டிஎஸ்-160 படிவத்தில் தாய்மொழி எழுத்தில் முழுப் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. அதில் தமிழிலேயே எழுதலாம். முன்னர் வழங்கிய வேறு பெயர்கள் உண்டா என்றும் அப்படிவம் கேட்கின்றது. சாதிப் பட்டத்துடனோ வேறு முதலெழுத்துடனோ ஆவணங்கள் உடையோர் அவற்றை இங்கே குறிப்பிடுதல் நன்று.

கனடா, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லையெனில், இட்ட பெயர் முழுவதையும் குடும்பப் பெயரின் இடத்தில் எழுதி மற்றதை வெறுமையாக விடுமாறு கூறுகின்றது. 'தெரியவில்லை' என்பது போன்ற சொற்களோ குறிகளோ அங்கே இடப்படுவதில்லை. ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்கான பொதுப் படிவம் பிறந்தபோது இருந்த குடும்பப் பெயரையும் தனியே கேட்கின்றது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் நடவடிக்கை இவற்றுள் கடுமையானது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடைய பயணிகள் சுற்றுலா, வருகை போன்ற நுழைவிசைவுகளில் அந்நாட்டுக்குள் அனுமதிக்கப்படார் என 2022 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பை வான்பயண நிறுவனங்கள் வெளியிட்டன. அங்கே குடியிருப்பு இசைவு உடையோருக்கு இது பொருந்தவில்லை. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் அது ஏற்கப்படும் என்ற விளக்கம் சில நாட்களில் வெளிவந்தது. வட இந்திய ஊடகங்கள் பலவற்றுக்கு இது ஒரு விந்தைச் செய்தி. தமிழ்நாட்டிலோ தம் கடவுச்சீட்டை எடுத்துப் பார்க்காத வளைகுடாப் பயணி இருந்திருப்பாரா என்பது ஐயமே.

ஒலிபெயர்ப்பு

ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளில் பல வகையாக எழுதலாம். கொங்கு நாட்டில் மிகுந்து காணப்படும் 'சாமி' என்னும் ஈறு இதற்குத் தக்க சான்று. தொடக்கத்தில் 'எஸ்' மட்டும் வரலாம், 'எஸ்', 'டபிள்யூ' இரண்டும் வரலாம். முடிவில் 'ஐ' வரலாம், 'ஒய்' வரலாம். ஆக நான்கு வடிவங்கள். முன்னாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் பெயரையே ஆங்கில இதழ்கள் ஒரே விதமாக எழுதுவதில்லை. தந்தை, மகன் ஆகிய இருவர் பெயரிலும் இவ்வீறு இருப்பின் வேறுபாடுகள் பெருகும். செந்தில் என்பதில் 'டி'யை அடுத்து 'எச்' உண்டா என்பது போன்ற ஐயங்கள் தனி.

தமிழ் வடிவில் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் ஆணையிட்டது. இதனால் 'கே. பழனிசாமி' என்பது தமிழில் 'கு. பழனிசாமி' ஆகும். விரித்தெழுதும்போது எந்தப் பெயர் என்பதும் இதில் ஓரளவு தெளிவாகின்றது.

ஊரும் மாவட்டமும்

பிறந்த இடத்தைக் குறிப்பதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. தாராபுரத்தில் 1975 இல் பிறந்தவர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1979 இல் பெரியார் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தாராபுரம் அதில் சேர்ந்தது. அம்மாவட்டம் பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாறியது. 2009 இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரம் அதற்குச் சென்றது. ஊரை விட்டு நகராமலேயே ஒருவருடைய சான்றிதழ்களில் நான்கு மாவட்டப் பெயர்கள் இடம்பெற இது போதும். திருப்பூர் என்பதன் ஆங்கில வடிவில் ஒரு 'பி' எழுதுவோரும் இரண்டு எழுதுவோரும் உள்ளனர். 2020 சூன் மாதத்தில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூரும் அவற்றுள் ஒன்று. சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. நுழைவிசைவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ள ஊர்ப் பெயரையே எழுத்துப் பிசகாமல் எழுதுதல் வேண்டும்.

சொத்து ஆவணங்களும் தந்தை பெயரும்

மாணவர் நுழைவிசைவுக்குக் கல்விச் செலவை ஏற்பவர் யார், அவருக்கு மாணவருடன் என்ன உறவு என்பவற்றைக் காட்டவேண்டும். பெரும்பாலும் தந்தையே அவ்வாறு பொறுப்பேற்கின்றார். உழவர் குடும்பமாயின் தோட்டமும் காடும் பட்டயக் கணக்கரால் மதிப்பிடப்பட்டு அச்சான்று இணைக்கப்படும். இங்கேதான் பெயர் வேறுபாடு கண்ணில் படுகின்றது. பழைய கிரயப் பத்திரத்தில் 'இராமசாமிக் கவுண்டர் மகன் குப்புசாமிக் கவுண்டர்' என்று இருக்கும். ஆதார் அட்டையில் அவரே வெறும் குப்புசாமி. வங்கிக் கணக்கில் ஆர். குப்புசாமி. மகனுடைய கடவுச்சீட்டில் தந்தை பெயர் 'குப்புசாமி இராமசாமி' என விரிந்திருக்கக்கூடும். ஊரில் எவரும் ஐயுறாத ஓர் உறவை, அவ்வூரைக் கண்டிராத அலுவலர் ஒருவருக்குத் தாளில் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

பெயர் வேறுபாடு தன்னளவில் குற்றம் அன்று. விளக்கம் இல்லாத வேறுபாடே தாமதத்துக்கு இடமளிக்கின்றது. ஐக்கிய அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்படி, மேலும் ஆவணங்கள் தேவை எனக் கருதினால் அலுவலர் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கலாம். கோயம்புத்தூரில் அந்நாட்டின் துணைத்தூதரகம் இல்லை. நேர்காணல் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் சென்னை அண்ணா சாலையில் நடைபெறுகின்றது. சேரன் விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் வரிசையில் நிற்பவர், வீட்டுப் பீரோவில் இருக்கும் ஒரு தாளுக்காகத் திரும்ப நேர்ந்தால், வகுப்புத் தொடங்கும் நாளுக்குள் நுழைவிசைவு கிடைப்பது ஐயத்துக்குரியதாகிவிடும். இதற்காகவே, இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும் என நோட்டரி முன் உறுதியளித்த ஆவணத்தைப் பலர் முன்கூட்டியே எடுத்துச் செல்கின்றனர். பழைய பத்திரத்தின் தமிழ்ப் படியுடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

திருமணமான பெண்கள்

திருமணத்துக்குப் பின் தந்தையின் முதலெழுத்தை விடுத்துக் கணவரின் முதலெழுத்தை ஏற்கும் வழக்கம் உண்டு. சட்டப்படி இது கட்டாயம் அன்று. பட்டச் சான்றிதழ் தந்தையின் முதலெழுத்துடனும், குடும்ப அட்டை கணவரின் முதலெழுத்துடனும் இருக்கும் ஒருவர், கணவருடன் செல்வதற்கான நுழைவிசைவு கோரும்போது இரண்டையும் இணைக்கும் ஆவணமாகத் திருமணப் பதிவுச் சான்றே பயன்படுகின்றது. 2009 ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி, எல்லாத் திருமணங்களும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்படவேண்டும். மண்டபத்தில் நடந்த திருமணத்தின் அழைப்பிதழும் ஒளிப்படத் தொகுப்பும் துணைச் சான்றுகளே அன்றிப் பதிவுக்கு ஈடாகா.

தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்வதால் இன்னொரு விளைவும் உண்டு. குப்புசாமியின் மகன் பழனிசாமி வெளிநாட்டில் 'திரு. குப்புசாமி' என்று அழைக்கப்படுவார். அவர் மகளின் குடும்பப் பெயர் பழனிசாமி. ஒரே வீட்டில் கணவன், மனைவி, குழந்தை ஆகிய மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் அமைகின்றன. பள்ளியிலும் மருத்துவமனையிலும் எல்லையிலும் உறவை விளக்க, குழந்தையின் பிறப்புச் சான்றைப் பெற்றோர் உடன் வைத்திருப்பது பயன் தரும்.

பெயர் திருத்தம்

பெயரை மாற்ற விரும்புவோர் தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வழியாக அரசிதழில் அறிவிப்பு வெளியிடலாம். அதன் பின்னர் கடவுச்சீட்டை மறுவழங்கல் முறையில் பெறவேண்டும். பழைய கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் நுழைவிசைவு இருந்து, பெயரும் மாறியிருப்பின், புதிய நுழைவிசைவு பெறுமாறு ஐக்கிய அமெரிக்க அரசு பரிந்துரைக்கின்றது. எனவே பெயர் திருத்தத்தைச் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நலம். பயணச்சீட்டும் கடவுச்சீட்டின் பெயரிலேயே எடுக்கப்படவேண்டும். ஒற்றைப் பெயரைப் பதியும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு பெறப் பிறப்புச் சான்று மட்டுமே பிறந்த நாளுக்கான ஆதாரம் ஆகும். இக்குழந்தைகளின் பெயர், பிறப்பைப் பதியும் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் எவ்வாறு எழுதப்படுகின்றதோ, அவ்வடிவத்திலிருந்தே அவர்களுடைய ஆவணங்கள் தொடங்குகின்றன.