ஒரு குடும்பக் கதையின் நிறைவு

கதையைத் தொடங்குதல் எளிது. தக்கவாறு முடித்தலே அரிது. ஆண்டுக்கணக்கில் தொடரும் தொலைக்காட்சி நாடகங்களுக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். காண்போர் உள்ளவரை கதையை நீட்டுவதும், அவர் தொகை குறைந்தவிடத்துச் சட்டென நிறுத்துவதும் அவற்றிற் பலவற்றின் வழக்கமாகும். அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 2016 முதல் 2022 வரை ஒளிபரப்பிய 'திஸ் இஸ் அஸ்' என்னும் நாடகம் இவ்வழக்கிற்குப் புறம்பானது. 2019ஆம் ஆண்டில் மேலும் மூன்று பருவங்களுக்கு ஒருங்கே இசைவு கிடைத்தமையால், அதனை ஆக்கிய டான் போகல்மன் ஆறாம் பருவத்தையே எல்லையாகக் கொண்டு கதையை அமைத்துச் செல்ல முடிந்தது.

ஜாக் பியர்சன், றெபெக்கா என்னும் தம்பதியர்க்கு 1980ஆம் ஆண்டில் ஒரே பேற்றில் மூன்று மகவுகள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று பிறப்பிலேயே இறந்துவிடுகின்றது. தீயணைப்பு நிலையத்திற் கைவிடப்பட்டு, அதே மருத்துவமனைக்குக் கொணரப்பட்ட கறுப்பினக் குழந்தையொன்றை அவர்கள் தம் மகனாக ஏற்கின்றனர். கெவின், கேற், றண்டல் என வளரும் இம்மூவரும் பதினேழு வயதினராய் இருந்தபோது, வீட்டில் மூண்ட தீயின் விளைவாகத் தந்தை உயிர் துறக்கின்றார். நாடகம் இவற்றைக் கால ஒழுங்கிற் கூறுவதில்லை. நினைவு எவ்வாறு முன்னும் பின்னுமாகத் தாவுமோ, அவ்வாறே கதையும் தாவுகின்றது.

இறுதிப் பருவம் 18 பகுதிகளைக் கொண்டது. 2022 ஜனவரி 4ஆம் நாள் தொடங்கி மே 24ஆம் நாள் நிறைவெய்தியது. அதன் நடுப்பொருள் றெபெக்காவைப் பற்றிய அல்சைமர் என்னும் மறதி நோயாகும். அறிவு தெளிவாயிருக்கும்போதே அவள் மக்களை அழைத்து, தன்பொருட்டு அவர்தம் வாழ்வைக் குறுக்கிக்கொள்ளலாகாது என்கின்றாள். தன் இரண்டாம் கணவராகிய மிகுவேலுக்குப் பின் தன்னைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் பொறுப்பை மகள் கேற்றிடம் ஒப்படைக்கின்றாள். மிகுவேல் இறந்தபின், தாயை யார் பேணுவது என்னும் வினா எழுகின்றது. தாயைத் தன்னுடன் அழைத்துச்செல்ல றண்டல் விழைகின்றான். கெவினோ அவளுக்காகத் தான் கட்டிய வீட்டிலேயே மனைவியுடன் குடியேறித் தாயைக் காப்பதாகக் கூறுகின்றான். கேற் அதற்கு இசைகின்றாள். எவரும் தீயவரல்லர்; எனினும் அன்பே பிணக்கிற்குக் காரணமாதலை இக்காட்சி காட்டுகின்றது. முதியோரைப் பேணும் எந்த இல்லத்திலும் எழக்கூடிய வினா இது. தாய் முன்னரே வாய்திறந்து கூறிவைத்தமையே அங்கு பிள்ளைகளைப் பிரியாமற் காத்தது.

இறுதிக்கு முந்திய பகுதியில் றெபெக்காவின் மரணம் ஒரு புகைவண்டிப் பயணமாகக் காட்டப்படுகின்றது. றண்டலைப் பெற்ற தந்தையாகிய வில்லியம் வழிகாட்ட, அவள் பெட்டி பெட்டியாகக் கடந்து, கடைசிப் பெட்டியில் ஜாக்கைச் சேர்கின்றாள். ஈற்றுப் பகுதியிலோ வியத்தகு நிகழ்ச்சி எதுவுமில்லை. தாயின் இறுதிச் சடங்குடன், பிள்ளைகள் சிறுவராயிருந்த காலத்துச் சனிக்கிழமையொன்று மாறிமாறி வருகின்றது. வேலையற்ற அந்நாளில் குடும்பத்தார் வீட்டிலிருந்து விளையாடுகின்றனர், அவ்வளவே. சிறுவர் வளர்ந்துவிடுவர் என்பதனால் அக்காட்சிகளுட் பல சில ஆண்டுகளுக்கு முன்னரே படமாக்கப்பட்டிருந்தன. முடிவை முன்னரே அறிந்து எழுதியதன் பயன் இதுவேயாம்.

தாயை அடக்கஞ் செய்த நாளிலேயே, தன் மகள் டேஜாவுக்குப் பிறக்கவிருப்பது ஆண் மகவென்றும், அதற்கு வில்லியம் எனப் பெயரிடப்படும் என்றும் றண்டல் அறிகின்றான். ஒரு தலைமுறை மறைய, அதன் பெயர் மற்றொன்றில் முளைக்கின்றது. பேரன் பாட்டன் பெயரைத் தாங்கும் மரபை அறிந்தோர்க்கு அம்முடிவின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.