ஜிட்டர்பக்: பரிகாசத்தில் பிறந்த பெயர்

ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு, பித்தளை வாத்தியங்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சுழன்றும் துள்ளியும் ஆடுகிற ஓர் ஆட்டத்துக்கு, 1930-களில் அமெரிக்க ஜனங்கள் வழங்கிய கொச்சைப் பெயர் ‘ஜிட்டர்பக்’ என்பதாகும். இதன் முற்பாதி உதறலையும் பிற்பாதி பூச்சியையும் குறிக்கும். மதுபானம் அளவு கடந்துவிட்டவனுடைய கைகால்களில் காணும் நடுக்கத்தை அக்காலத்துப் பேச்சு வழக்கில் ‘ஜிட்டர்ஸ்’ என்பார்களாதலால், இச்சொல் முதலில் குடிகாரனையே பரிகசித்தது.

அதைப் பிரசித்தமாக்கியவர் நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில் புகழ்பெற்று விளங்கிய கறுப்பினப் பாடகர் கேப் காலோவே. 1934-ல் இப்பெயரிலேயே அவர் பதிவு செய்த பாட்டு குடிப்பிரியர்களைப் பற்றியது. அடுத்த ஆண்டே ஒரு சிறு திரைப்படத்தின் தலைப்பிலும் அச்சொல் ஏறியது. 1938-ல் வாத்தியக்காரர்களின் குழூஉக்குறிகளைத் திரட்டி அவர் வெளியிட்ட அகராதியிலோ, குடியின் வாசனையே இல்லாமல், ‘ஸ்விங்’ சங்கீத ரசிகன் என்று அதற்குப் பொருள் எழுதப்பட்டது. நான்கே ஆண்டுகளில் வசைச்சொல் ரசிகனுக்கு உரிய பட்டமாகி, பிறகு அவனுடைய ஆட்டத்துக்கும் பெயராயிற்று.

ஆனால் ஆட்டம் பெயருக்கு மூத்தது. 1926-ல் ஹார்லெமில் திறக்கப்பட்டு, நிறபேதம் தலைவிரித்தாடிய அந்நாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தளத்தில் ஆட இடங்கொடுத்த சவாய் நடன மண்டபத்தில், கறுப்பின இளைஞர்கள் அதனை ‘லிண்டி ஹாப்’ என்ற பெயரால் வளர்த்தார்கள். ஜோடியை முதுகின்மேல் உருட்டி ஆகாயத்தில் வீசித் தாளம் தவறாமல் தரையிறக்கும் வித்தையை, 1935-ல் அங்கே அரங்கேற்றியவர் பிராங்கி மானிங். வெள்ளை இளைஞரிடையே அவ்வாட்டம் பரவியபோதுதான் ஜிட்டர்பக் என்ற பெயர் நாடெங்கும் ஒலித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் அதை இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார்கள்.

எட்டு எண்ணிக்கைக்குள் விலகிச் சுழன்று மீண்டும் கூடுகிற கணக்கு பிசகாத அந்த ஆட்டத்தைக் கண்டவர்கள், கணக்கைக் காணாமல் உதறலை மட்டுமே கண்டு பெயரிட்டார்கள். ஆடியவர்கள் அப்பெயரைக் கேட்டுச் சினந்து ஆட்டத்தை நிறுத்திவிடவில்லை; அடுத்த பாட்டுக்குத் தயாரானார்கள்.