உங்களுக்குத் தெரியுமா? தாமிரபரணியின் கொடுக்குக்காரர்கள்

நன்னீரில் வாழும் குட்டி சிங்கி இறால் போன்ற கிரேஃபிஷில் உலகெங்கும் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பல பகுதிகளில் இயற்கையாகவே இருக்கிறது. இந்திய ஆறுகளுக்கென்று சொந்தமாக ஒன்றுகூட இல்லை!

●

சேரன்மகாதேவியில் தாமிரபரணி ஆற்றுக் கல்லிடுக்கிலிருந்து கொடுக்கோடு பாய்கிறதே, அது ஆற்று இறால். சந்தேகமிருந்தால் கால்களைப் பாருங்கள். கிரேஃபிஷுக்கு முதல் ஜோடிக் கால்கள்தான் பெரிய கொடுக்குகள். ஆற்று இறாலுக்கு இரண்டாம் ஜோடி நீண்டிருக்கும். முதல் ஜோடி மெலிந்த சிறு கொடுக்குகள்தான்.

●

ஆற்றில் வளரும் இறால்களில் பலவற்றின் குஞ்சுகளுக்கு உப்பு வேண்டும். பெரிய நன்னீர் இறாலின் தாய், முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமந்தபடி கழிமுகம் நோக்கி இறங்கும். நல்ல தண்ணீரிலேயே விட்டால் குஞ்சுகள் சில நாட்களில் செத்துவிடும். இந்த ரகசியம் பிடிபட்டது 1961-இல், பினாங்கில். ஷாவோ-வென் லிங் என்ற ஆய்வாளர் தண்ணீரில் உப்புச் சேர்த்துப் பார்த்தார், குஞ்சுகள் பிழைத்தன. இன்றைய நன்னீர் இறால் பண்ணைகளுக்கெல்லாம் தொடக்கம் அதுதான்.

கழிமுகத்தில் உருமாறிய குஞ்சுகள் கரையோரமாக நீரை எதிர்த்து மேலேறும். ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலிலிருந்து சேரன்மகாதேவிக்கு அப்படி ஏற வேண்டுமானால் ஸ்ரீவைகுண்டம், மருதூர், சுத்தமல்லி முதலான அணைக்கட்டுகளைத் தாண்டியாக வேண்டும். விரல்நீளம்கூட இல்லாத உயிருக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை. ஈரம் கசியும் கல்லில் தொற்றி ஏறும் திறமை அவற்றுக்கு உண்டு. ஆனால் கல் காய்ந்து கிடந்தால் வழி அடைபட்டது என்றே அர்த்தம். கோடையிலும் அணைக்கட்டின் ஓரத்தில் கொஞ்சம் நீர் வழிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

●

கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களில் வரப்பைக் குடையும் வயல் நண்டுக்குக் கடலே தேவையில்லை. முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வெளிவரும். சில நாள் தாயின் வயிற்று மடிப்புக்குள் ஒண்டியிருக்கும். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்தால், ஈரம் எட்டும்வரை வளையை ஆழப்படுத்தி உள்ளே அடங்கிவிடும்.

●

உலகின் மிகச் சிறிய கிரேஃபிஷ்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துச் சதுப்புகளில் வளை தோண்டி வாழ்கிறது. நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்!

●

1990-களில் ஜெர்மனியின் மீன்தொட்டிகளில் தலைகாட்டியது பளிங்கு கிரேஃபிஷ். அத்தனையும் பெண்கள்; ஆண் துணையின்றியே குஞ்சு பொரிக்கும். ஒன்றே ஒன்று தப்பினாலும் ஒரு குளத்தை நிரப்பிவிடும். மடகாஸ்கரின் நெல்வயல்களில் ஏற்கெனவே பரவிவிட்டது. மீன்தொட்டியில் அலங்காரத்துக்கு கிரேஃபிஷ் வளர்ப்பவர்கள், அலுத்துப்போனால் அதை ஆற்றிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.