அழுகையை நிறுத்தும் பாட்டு!

குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் ஓடி வருகிறாள். தூளியை ஆட்டியபடி பாடுகிறாள். சிறிது நேரத்தில் அழுகை நின்றுவிடுகிறது.

பாட்டின் பொருள் குழந்தைக்குப் புரிந்ததா? இல்லை! ஆனாலும் பாட்டு வேலை செய்கிறது. கனடா நாட்டு நிபுணர்கள் இதைச் சோதித்துப் பார்த்து இருக்கிறார்கள்.

துருக்கிப் பாட்டு

மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் அந்தச் சோதனை 2015-ம் ஆண்டில் வெளியாயிற்று. 6 மாதம் முதல் 9 மாதம் வரை உள்ள 30 குழந்தைகள் அதில் இருந்தன. அறையில் மங்கலான வெளிச்சம். ஒரு பொம்மைகூட இல்லை. பெற்றவர் குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முகத்தைக் காட்டவில்லை.

ஒலிப்பதிவு செய்த பேச்சையும் பாட்டையும் கேட்க வைத்தார்கள். எல்லாம் துருக்கி மொழி! குழந்தைகளுக்குப் பழக்கமே இல்லாத மொழி. குழந்தையின் முகம் அழுகைக்குக் கோணும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கு எடுத்தார்கள்.

பேச்சு ஒலித்தபோது ஏறக்குறைய 4 நிமிடம் பொறுத்தன. கொஞ்சிப் பேசினாலும் அவ்வளவுதான். பாட்டு ஒலித்தபோதோ ஏறக்குறைய 9 நிமிடம் அமைதியாக இருந்தன!

பழகும் மனம்

பச்சைக் குழந்தைக்குத் தன் மனதைத் தானே அடக்கத் தெரியாது. பயம் வந்தால் அது பெருகிக்கொண்டே போகும். யாராவது அமர்த்த வேண்டும். அப்படிப் பலமுறை அமைதி அடைந்த குழந்தை, பிறகு மெல்ல மெல்லத் தானே அடங்கப் பழகுகிறது.

அதிலும் தாயின் குரலுக்குத் தனி இடம் உண்டு. 1980-ல் அமெரிக்காவில், வடக்கு கரோலினாவில் ஒரு சோதனை நடந்தது. பிறந்து 3 நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒருவிதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறுவிதமாகச் சப்பினால் வேறு பெண்ணின் குரல் கேட்கும். சிசுக்கள் தாயின் குரல் வரும்படி சப்பின! வயிற்றிலேயே கேட்ட குரல் அல்லவா?

"எனக்குக் கரகரத்த குரல்" என்று சில தாய்மார்கள் செல்போனைப் பாட வைக்கிறார்கள். அதுவும் பாடும்தான். ஆனால் குழந்தையின் கண் சொருகினால் அது குரலைத் தாழ்த்துமா? மறுபடி சிணுங்கினால் விட்ட இடத்தில் தொடங்குமா? குழந்தை ஒன்றும் மார்க்கு போடப் போவதில்லை.

தகப்பனார்களும் பாடலாம். வெட்கமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்!